மங்கலாகத் தெரிந்தால் போதும்: உருவத் தியானத்தில் பொறுமையும் தேர்ச்சியும்

உருவத் தியானம் பழகத் தொடங்குகிற எவரும் முதல் வாரத்திலேயே சொல்லும் குறை ஒன்றுதான்: "கண்ணை மூடினா ஒண்ணுமே தெரியல." ஒரு சுடரை, ஒரு வண்ண வட்டத்தை, இஷ்ட தெய்வத்தின் திருமேனியை மனக்கண்ணில் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தப் போனால் ஏதோ ஒரு கணம் மினுங்குகிறது. மறுகணம் கட்ட வேண்டிய கரண்ட் பில் நினைவுக்கு வருகிறது. பலர் சீக்கிரமே விட்டுவிடுகிறார்கள். சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்று தலைவலியோடு எழுந்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் தொடர்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரிடம் இருப்பது பிறவியிலேயே வாய்த்த கற்பனை வளமா, வைராக்கியமா, கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு தேர்ச்சியா?

பௌத்தமும் சைவமும் கிறித்தவமும் இதற்கு விடை சொல்லியிருக்கின்றன. 1880க்குப் பிறகு உளவியலும் தன் பங்குக்குச் சொல்லியிருக்கிறது. எல்லாவற்றையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரு செய்தி திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது. தெளிவான உருவம் தானாக வரும்வரை சும்மா காத்திருக்கும்படி அந்த ஆசிரியர்கள் யாரும் சொல்லவில்லை. கைக்கு வந்த மங்கலான உருவத்தை வைத்துக்கொண்டு இன்றைய வேலையைச் செய்வது, நழுவினால் அலட்டிக்கொள்ளாமல் திரும்பப் போய் எடுப்பது, எப்போது இறுக்க வேண்டும், எப்போது தளர்த்த வேண்டும் என்று அறிவது: பொறுமை என்று அவர்கள் கற்பித்தது இவற்றைத்தான். அவர்கள் சொல்வது சரி என்பதே என் முடிவும்.

இந்த வேலையை நுணுக்கமாக எழுதிவைத்த பழைய நூல் விசுத்திமக்கம். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் பாலி மொழியில் எழுதியது. அவர் அதற்கு முன்போ பின்போ காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர். அங்குத்தர நிகாய உரையின் முடிவில், காஞ்சியில் தன்னோடு வாழ்ந்த ஜோதிபாலர் என்ற துறவி கேட்டுக்கொண்டதால் அதை எழுதியதாக அவரே குறிப்பிடுகிறார். விசுத்திமக்கம் 40 தியானப் பொருள்களைச் சொல்கிறது. அவற்றில் 10 கசிணங்கள், அதாவது உற்றுப் பார்த்து மனத்தில் பதிக்க வேண்டிய பொருள்கள்: மண், நீர், நெருப்பு, காற்று, நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, ஒளி, வரையறுத்த வெளி. இவற்றுள் மண் கசிணத்தைத்தான் புத்தகோசர் முழு விவரத்தோடு எழுதுகிறார். மற்றவற்றுக்கு அதுவே மாதிரி.

அதைப் படிக்கும்போது தியான நூல் படிக்கிறோம் என்பதே மறந்துபோகும். விடியற்கால வானத்தின் நிறத்தில் களிமண் எடுக்க வேண்டும். அதில் நீலமோ மஞ்சளோ சிவப்போ வெள்ளையோ கலந்துவிட்டால் அது வேறு கசிணத்தின் நிறமாகிவிடும். கல், புல், வேர் எல்லாம் பொறுக்கி எடுத்துப் பிசைந்து, ஒரு சாணும் நான்கு விரலும் அகலமுள்ள வட்டமாகத் தட்ட வேண்டும். கல்லால் தேய்த்து முரசின் முகம்போல் சமமாக்க வேண்டும். வட்டத்திலிருந்து இரண்டரை முழம் தள்ளி, ஒரு சாணும் நான்கு விரலும் உயரமுள்ள கால்கள் வைத்த இருக்கையில் உட்கார வேண்டும். ஏன் இந்த அளவுகள்? அதிகம் தள்ளி உட்கார்ந்தால் வட்டம் சரியாகத் தெரியாது. நெருங்கி உட்கார்ந்தால் மண்ணில் பதிந்த கைத்தடம் முதலிய குறைகள் கண்ணில் படும். இருக்கை உயர்ந்தால் கழுத்தைக் குனிய வேண்டியிருக்கும். தாழ்ந்தால் முழங்கால் வலிக்கும். கண்ணை அகலத் திறந்தால் கண் சோர்ந்துபோகும்; குறுக்கினால் மனம் மந்தமாகும். கண்ணாடியில் முகம் பார்க்கிற அளவுக்குத் திறந்தால் போதும்.

இவ்வளவு கவனமும் எதற்கு என்றால், பின்னால் மனத்துக்குள் கட்டப்போகும் உருவத்தின் தரம் முன்னால் வைத்த பொருளின் தரத்தையும் உடம்பின் இருப்பையும் பொறுத்தது என்பதால். இன்று உருவத் தியானம் கற்பிக்கும் பல வகுப்புகளில் இந்தப் பகுதியே கிடையாது. "மனதில் ஒரு தாமரையை நினையுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த படிக்குப் போய்விடுகிறார்கள். கடைசியாகத் தாமரையை எப்போது நிதானமாகப் பார்த்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. தொடக்கக்காரரின் பாதிச் சிரமம் இங்கேயே முளைக்கிறது என்று நினைக்கிறேன்.

வட்டத்தைப் பார்ப்பது, கண்ணை மூடுவது, மறுபடி திறந்து பார்ப்பது என்று நூறு முறையோ ஆயிரம் முறையோ அதற்கு மேலுமோ செய்ய வேண்டும் என்கிறார் புத்தகோசர். கண்ணைத் திறந்திருக்கும்போது தெரிவதுபோலவே மூடியபோதும் தெரிந்தால் அது உக்கக நிமித்தம், அதாவது கற்ற குறி. அது வந்த பிறகு வட்டத்துக்கு எதிரே உட்கார வேண்டியதில்லை. தன் இடத்துக்குப் போய் மனத்தில் தெரியும் உருவத்தையே பற்றிக்கொள்ளலாம். இங்கே அவர் தரும் ஓர் அறிவுரை எனக்கு இந்நூலின் உயிர்நாடியாகப் படுகிறது. ஒற்றை அடுக்குத் தோல் வைத்த செருப்பும் ஒரு கைத்தடியும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். இடையில் ஏதோ இடையூறு வந்து உருவம் மறைந்துவிட்டால், செருப்பை மாட்டிக்கொண்டு, தடியை எடுத்துக்கொண்டு, வட்டம் இருக்கும் இடத்துக்கே போய் மறுபடி பார்த்து, குறியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார வேண்டும். செருப்பு எதற்கு என்றால், திரும்பி வந்ததும் கால் கழுவுவதில் நேரம் போகக் கூடாது என்பதற்காக.

உருவம் நழுவும் என்பதை அவர் முன்கூட்டியே கணக்கில் எடுத்திருக்கிறார். நழுவியதற்கு வருத்தமோ குற்ற உணர்வோ அங்கே இல்லை. மனத்தை வருத்தி, மறைந்ததை இருட்டுக்குள் தேடவும் சொல்லவில்லை. எழுந்து நடந்து போய்ப் பொருளை மறுபடி பார் என்கிறார். அந்த நடையும் தியானத்தின் பகுதிதான். அதற்குரிய செருப்பைக்கூட ஆசிரியர் யோசித்து வைத்திருக்கிறார். வீட்டில் படத்தை வைத்துப் பழகுகிறவருக்கும் இதே முறை பொருந்தும்: மறைந்துவிட்டதா, கண்ணைத் திற, படத்தைப் பார், மறுபடி மூடு. இதை ஏமாற்று வேலை என்று நினைத்துக் கண்ணைத் திறக்க மறுக்கிறவர்கள் வீணாகத் தங்களை வதைத்துக்கொள்கிறார்கள்.

கற்ற குறியில் மண் வட்டத்தின் குறைகளும் சேர்ந்தே தெரியும். அதைத் தொடர்ந்து பற்றிக்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் நிறமும் வடிவும் குறையற்ற வேறோர் உருவம் அதிலிருந்து வெளிப்படும். அது படிபாக நிமித்தம். அதைப் பாதுகாப்பது அதைப் பெறுவதைவிடக் கடினம். இருப்பிடம், பிச்சைக்குப் போகும் ஊர், பேச்சு, பழகும் ஆட்கள், உணவு, தட்பவெப்பம், உடல் இருக்கை என்று ஏழையும் சோதித்துப் பார்த்து, எது தனக்கு ஒத்துவருகிறது என்று ஒவ்வொருவரும் கண்டறிய வேண்டும். பிறகு உருவத்தை ஒரு விரல் அளவு, இரண்டு விரல் அளவு என்று பெரிதாக்கிப் பழக வேண்டும். எல்லையை முதலில் மனத்தால் வரையறுத்துக்கொள்ளாமல் பெரிதாக்கக் கூடாது என்பது விதி.

எத்தனை பேருக்கு இது கைகூடும்? புத்தகோசர் ஒளிக்கவில்லை. கசிணத்தின் தொடக்கப் பயிற்சியைச் செய்ய முடிவதே நூறில் ஒருவருக்கோ ஆயிரத்தில் ஒருவருக்கோதான். செய்தவர்களில் குறியை எழுப்ப முடிவது மறுபடி நூறில் அல்லது ஆயிரத்தில் ஒருவருக்கு. எழுப்பியதை விரிப்பது அவர்களிலும் நூறில் அல்லது ஆயிரத்தில் ஒருவருக்கு என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டே போகிறார். இருத்தி எனப்படும் அற்புத சக்திகளைப் பற்றிய அதிகாரத்தில் வரும் எச்சரிக்கை இது. எனவே மிக உயர்ந்த தேர்ச்சியையே மனத்தில் வைத்துப் பேசுகிறார். ஆனாலும் இதை முதல் நாளே மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம். மூன்று வாரத்தில் எதுவும் தெரியவில்லை என்று வருந்துகிறவருக்கு, தான் பழுதானவர் இல்லை என்று புரியும்.

முயற்சியின் அளவைப் பற்றி அந்நூல் தரும் உவமை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அறுவை மருத்துவம் கற்கும் மாணவர்கள் தண்ணீர்ப் பாத்திரத்தில் மிதக்கும் தாமரை இலையில் கத்தியால் கீறிப் பழகுகிறார்கள். கெட்டிக்காரத்தனம் காட்ட நினைக்கிறவன் வேகமாகக் கீறி இலையை இரண்டாக வெட்டிவிடுகிறான் அல்லது நீருக்குள் அமிழ்த்திவிடுகிறான். பயந்தவன் இலையைத் தொடவே துணிவதில்லை. அளவறிந்தவன் மட்டும் இலையில் கோடு கிழிக்கிறான். உருவத்தைப் பற்றும் மனத்துக்கும் இதே கதிதான். இங்கே தேர்ச்சி முழுக்க அழுத்தத்தின் அளவில் இருக்கிறது. அந்த அளவை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது, கையே கற்க வேண்டும்.

வடக்கே இதே பிரச்சினை வேறொரு கோணத்தில் ஆராயப்பட்டது. அசங்கர் வகுத்த மன ஒருமையின் ஒன்பது நிலைகளை 8ஆம் நூற்றாண்டில் கமலசீலர் திபெத்துக்குக் கொண்டுசென்றார். திபெத்திய ஆசிரியர் சோங்கபா 1402இல் எழுதிமுடித்த லாம்ரிம் சென்மோ என்ற நூலில் அவை முழுமையான பாடத்திட்டமாகின. முதல் நிலையில் மனம் முன்பைவிட அதிகமாக அலைவதுபோல் தோன்றும். உண்மையில் அலைச்சல் கூடவில்லை; இதுவரை கவனிக்காததை இப்போது கவனிக்கிறோம். இதை முன்பே அறிந்தவர் அஞ்சமாட்டார். மூன்றாம் நிலையில், விலகிய மனத்தை விலகிய உடனே கண்டு ஒட்டுப்போடப் பழகுகிறோம். முதல் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் உள்ள வேறுபாடு, விலகல் நிகழ்வதில் அவ்வளவு இல்லை. அதைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இருக்கிறது.

மன ஒருமைக்குப் புத்தரின் திருவுருவத்தையே பொருளாகக் கொள்ளச் சொல்கிறார் சோங்கபா. அவர் தரும் செயல்முறை இந்தக் கட்டுரையின் தலைப்புக்கே காரணம். தலை, இரண்டு கை, உடல், இரண்டு கால் என்று ஓரிரு முறை வரிசையாக நினைத்துப் பார்க்க வேண்டும். கடைசியில் உடலின் தோராயமான வடிவம் பாதியளவு மனத்தில் எழுந்தால், அதில் ஒளியும் தெளிவும் இல்லாவிட்டாலும், போதும் என்று அதையே பற்றிக்கொள்ள வேண்டும். தெளிவு வேண்டும் என்று அந்தக் கட்டத்திலேயே மல்லுக்கட்டினால் உருவம் கொஞ்சம் துலங்கலாம். ஆனால் நிலைத்தன்மை வராமல் போய்விடும். மங்கலான உருவத்தோடு நிலைத்தன்மை வந்தால், தெளிவு பிறகு எளிதாக வரும். வரிசை இதுதான்: முதலில் நிலை, பிறகு தெளிவு. மஞ்சள் நிறத்தில் நினைத்தது சிவப்பாகத் தெரிந்தாலோ, உட்கார்ந்த உருவம் நின்றாலோ, ஒன்று பலவானாலோ அவற்றின் பின்னால் போகக் கூடாது. தொடங்கிய உருவத்துக்கே திரும்ப வேண்டும்.

இரண்டு எதிரிகளை அவர் பெயரிடுகிறார்: மந்தமும் சிதறலும். சிதறலை யாரும் கண்டுகொள்வார்கள். ஆபத்து நுண்ணிய மந்தத்தில் இருக்கிறது. உருவம் அசையாமல் நிற்கும், மனம் அமைதியாக இருக்கும், ஆனால் பிடியில் விறுவிறுப்பு போயிருக்கும். தியானம் சித்தித்துவிட்டது என்று இதையே நம்பி ஆண்டுகளைக் கழிக்கிறவர்கள் உண்டு என்று சோங்கபா கண்டிப்போடு எச்சரிக்கிறார். பொறுமை என்ற பெயரில் நடக்கும் மிகப் பெரிய இழப்பு இதுதான் என்று எனக்கும் தோன்றுகிறது. இருபது ஆண்டு உட்கார்ந்திருப்பது ஒன்று. இருபது ஆண்டு பழகியிருப்பது வேறு.

இதற்குத் திபெத்திய ஆசிரியர்கள் சொல்லும் மருந்து மிக எளியது. அமர்வைச் சுருக்கு, எண்ணிக்கையைக் கூட்டு. தொடக்கத்தில் ஒரு நாளைப் பதினெட்டுச் சிறு அமர்வுகளாகப் பிரித்துக்கொள்ளச் சொல்வதும் உண்டு. உருவம் இன்னும் நன்றாக இருக்கும்போதே, இன்னும் கொஞ்சம் உட்காரலாம் என்ற ஆசை இருக்கும்போதே எழுந்துவிட வேண்டும். சலிப்பு வரும்வரை உட்கார்ந்தால், அடுத்த முறை மெத்தையைப் பார்த்ததும் மனம் சுருங்கும்.

திபெத்தியர் பின்பற்றும் வஜ்ரயான பௌத்தத்தின் தெய்வயோகம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரே நிறத்தில் ஒரு வட்டத்தை நிறுத்துவது ஒரு வேலை. ஆபரணங்கள், ஆயுதங்கள், பல கைகள், சூழ்ந்திருக்கும் மண்டலம் எல்லாவற்றோடும் ஒரு தெய்வத்தை எழுப்பி, அது தானே என்று இருப்பது வேறு வேலை. அங்கே தேர்ச்சி மூன்றாகப் பிரிக்கப்படுகிறது: உருவத் தெளிவு, தானே அந்தத் தெய்வம் என்ற உறுதி, ஒவ்வோர் அங்கத்தின் உட்பொருளையும் நினைவில் வைத்திருப்பது. தெளிவு குறையும்போது உறுதியைப் பற்றிக்கொள்ளலாம், உறுதி தளரும்போது பொருளை நினைக்கலாம். ஒரு கால் இடறினால் இன்னொன்றில் நிற்கும்படியான ஏற்பாடு. இதற்குள் நுழையும் முன்பே நெடுஞ்சாண்கிடை வணக்கம், மந்திரம், மண்டல சமர்ப்பணம் என்று ஒவ்வொன்றையும் ஒரு லட்சம் முறை செய்து முடிக்கும் பூர்வாங்கப் பயிற்சி உண்டு. அதையும் தாண்டியவர்களுக்கு 3 ஆண்டு, 3 மாதம், 3 நாள் நீளும் தனிமை வாசம். ஒவ்வோர் அமர்வின் முடிவிலும், அவ்வளவு பாடுபட்டு எழுப்பிய மண்டலத்தை வெளியிலிருந்து உள்ளாக ஒடுக்கிக் கரைத்துவிட வேண்டும். நாளை மறுபடி முதலிலிருந்து. கட்டியதைக் கலைப்பதும் பாடத்தில் சேர்ந்தது.

தமிழில் இதற்கு இணையான மிக விரிந்த சித்திரம் பெரியபுராணத்தில் இருக்கிறது. திருநின்றவூர்ப் பூசலார் சிவனுக்குக் கோயில் கட்ட விரும்பினார். எங்கு தேடியும் பொருள் கிடைக்கவில்லை. மனத்தால் கட்டத் தொடங்கினார். சேக்கிழார் சொல்லும் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். முதலில் மனத்தாலேயே நிதி சேர்க்கிறார். பிறகு தச்சர்களைத் தேடுகிறார், சாதனங்களைத் திரட்டுகிறார். நல்ல நாள் பார்க்கிறார். அடித்தளம் போட்டு, ஆகம அளவுகள் வழுவாமல் நிலை நிலையாக மேலே எழுப்புகிறார். இரவிலும் கண் துஞ்சவில்லை. சிகரம் வைத்து, சுதை வேலை முடித்து, கிணறு, மதில், குளம் எல்லாம் அமைத்து, கடைசியில் பிரதிஷ்டைக்கு நாள் குறிக்கிறார். அதே நாளைத் தன் காஞ்சிக் கற்றளிக்கும் குறித்திருந்த காடவர்கோனின் கனவில் முந்திய இரவு சிவன் தோன்றி, நின்றவூர் அன்பனின் ஆலயத்தில் நாளை புகப்போகிறேன், உன் விழாவை வேறு நாளுக்கு வைத்துக்கொள் என்கிறார். அந்தக் கற்றளி காஞ்சி கைலாசநாதர் கோயில் என்றும் அரசன் ராஜசிம்ம பல்லவன் என்றும் கொள்வது வழக்கம்.

பொதுவாக இந்தக் கதையைப் பக்தியின் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். பூசலார் செய்த வேலையின் வேகம்தான் என்னை நிறுத்துகிறது. மனத்தால் கட்டுகிறவருக்கு ஒரு நொடியில் கோபுரத்தை நிறுத்திவிட என்ன தடை? அவர் நிறுத்தவில்லை. கல் வேலைக்கு ஆகும் காலத்தை மன வேலைக்கும் கொடுத்தார். அடித்தளம் இல்லாமல் சிகரத்துக்குப் போகவில்லை. ஒரு பெரிய, பல உறுப்புள்ள உருவத்தை நெடுநாள் மனத்தில் வைத்திருப்பதற்கு இதைவிடச் சரியான வழியை நான் வேறெங்கும் படித்ததில்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் தியான சுலோகத்தை நினைத்து, ஓலையை மடித்து அங்க அளவு எடுத்துப் படிமம் செய்யும்போதும் இதே ஒழுங்குதான் நடக்கிறது. அளவு தெரிந்தவருக்கு உருவம் நழுவினாலும் மறுபடி எடுக்க ஒரு பிடி இருக்கிறது. சேக்கிழாரின் அதே 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அகோரசிவாசாரியாரின் பத்ததி என்ற வழிபாட்டு முறைநூலைப் பின்பற்றும் சிவாசாரியார்கள் புறப்பூசைக்கு முன்பு அகப்பூசை செய்ய வேண்டியவர்கள்: இதயத்தில் பூசை, நாபியில் ஓமம், புருவநடுவில் தியானம். நாள் தவறாமல், ஆயுள் முழுக்க.

காஞ்சியோடு இன்னொரு தொடர்பும் உண்டு. பல்லவ அரசவையோடு தொடர்புடையவராகச் சொல்லப்படும் தென்னிந்தியத் துறவி வஜ்ரபோதி கடல் வழியாக 720ஐ ஒட்டிச் சீனா சேர்ந்தார். அவருடைய மாணவர் அமோகவஜ்ரர், அவருடைய மாணவர் ஹுய்குவோ, அவரிடம் 805இல் கற்றவர் ஜப்பானின் கூக்காய். கூக்காயின் ஷிங்கோன் மரபில் இன்றும் பழகப்படுவது அஜிகான்: வெண்ணிலா வட்டத்துக்குள் தாமரைமேல் எழுதிய 'அ' என்ற சித்தம் எழுத்து. திரையில் தொங்கும் எழுத்தைப் பார்த்து, கண்ணை மூடி, நெஞ்சுக்குள் வாங்கி, வட்டத்தைப் பெரிதாக்கி, மறுபடி சுருக்கிப் பழகுகிறார்கள். கசிணத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது.

கிறித்தவத்தில் லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் சுமார் 30 நாள் நீள்பவை. 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றவை. நற்செய்திக் காட்சியின் இடத்தை முதலில் மனத்தில் அமைத்து, பிறகு ஐம்புலன்களாலும் அதற்குள் போக வேண்டும். புதுக் காட்சிகளைச் சேர்த்துக்கொண்டே போகாமல், முன்பு மனம் ஆறுதல் பெற்ற இடத்துக்கும் வறண்டுபோன இடத்துக்கும் மறுபடி போகச் சொல்வது அவர் முறையின் சிறப்பு. வறட்சியையும் பாடப்பொருளாக்கிய ஆசிரியர் அவர்.

இவ்வளவு அளவறிதலையும் மீறி மனத்தை முறுக்கினால் என்ன ஆகும்? திபெத்தியர்கள் 'லுங்' என்ற காற்றுக் கோளாறைச் சொல்வார்கள்: நெஞ்சு இறுக்கம், தூக்கமின்மை, எரிச்சல். ஜப்பானில் ஜென் துறவி ஹக்குயின் (1686–1769) இளம் வயதில் கடுமையாகத் தியானம் பழகி நோயில் விழுந்தார். தலையில் சூடு, கால்களில் குளிர், காதில் இரைச்சல். ஹக்குயூ என்ற மலைத் துறவி தந்ததாக அவர் பின்னாளில் யாசென் கன்னாவில் (1757) எழுதிய மருந்தும் ஓர் உருவத் தியானம்தான்: உச்சந்தலையில் வாத்து முட்டை அளவு மணமுள்ள வெண்ணெய், அது உருகி மெல்ல மெல்லத் தோள், மார்பு, வயிறு, கால் வரை வழிந்து இறங்குகிறது. இங்கே கூர்ந்த தெளிவு தேவையே இல்லை. உடம்பு உணர்ந்தால் போதும். உருவம் உடம்பை வருத்தவும் செய்யும், ஆற்றவும் செய்யும். தலைவலி, படபடப்பு, தூக்கக் கேடு வந்தால் பயிற்சியைக் குறைத்து, ஆசிரியரையும் மருத்துவரையும் பார்ப்பதுதான் பொறுமை.

உளவியல் இந்தக் களத்துக்கு வந்தது 1880இல். பிரான்சிஸ் கால்டன் தான் அறிந்தவர்களிடம், இன்று காலை உணவு மேசை எப்படி இருந்தது என்று மனத்தில் பார்த்துச் சொல்லக் கேட்டார். அவர் முதலில் அணுகிய அறிவியலாளர்களில் பலர் மனக்காட்சி என்று ஒன்று இருப்பதையே ஏற்கவில்லை. வேறு பலர் நேரில் பார்ப்பதுபோல் விவரித்தார்கள். 1973இல் டேவிட் மார்க்ஸ் மனக்காட்சியின் தெளிவை அளக்க 16 கேள்விகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார். 2015இல் ஆடம் ஸீமனும் அவர் குழுவினரும் மனக்காட்சியே இல்லாத நிலைக்கு அஃபான்டேசியா என்று பெயரிட்டார்கள். கண்ணை மூடினால் ஒன்றும் தெரியவில்லை என்கிற மாணவர் சிலருக்கு அது சோம்பலோ பக்திக் குறைவோ இல்லை. அவர்கள் மூளையின் இயல்பே அப்படி.

ஸ்டீவன் காஸ்லினின் ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின. ஒரு பெரிய எழுத்தை மனத்தில் எழுப்பும்போதுகூட அது ஒரேயடியாக வந்துவிடுவதில்லை. எழுதும் வரிசையில், கோடு கோடாகக் கட்டப்படுகிறது. கட்டிய பகுதி சீக்கிரம் மங்கும், மறுபடி புதுப்பிக்க வேண்டும். தலை, கை, உடல், கால் என்று வரிசை வைத்த சோங்கபாவும், அடித்தளத்திலிருந்து எழுப்பிய பூசலாரும் மனம் இயங்கும் விதத்தோடு ஒத்துப்போனார்கள். மங்குவது தோல்வி இல்லை. மனக்காட்சியின் இயல்பே மங்குவதுதான்.

பயிற்சியால் மனக்காட்சி வலுக்குமா என்ற கேள்விக்கு விடைகள் முரண்படுகின்றன. ரோசன் ரேட்மேக்கரும் ஜோயல் பியர்சனும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நாள் தொடர்ந்து பயிற்சி எடுத்தவர்களுக்கு மனக்காட்சியின் வலிமை கூடவில்லை. தன் மனக்காட்சி இப்போது எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று சரியாக மதிப்பிடும் திறன் கூடியது. மறுபக்கம், மானுடவியலாளர் டான்யா லூர்மன் கிறித்தவர்களை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு இஞ்ஞாசியார் பாணியில் நற்செய்திக் காட்சிகளைக் கற்பனை செய்யும் பிரார்த்தனையையும், மற்றதற்கு நற்செய்தி பற்றிய உரைகளையும் கொடுத்தார். நாள் அரைமணி, வாரம் ஆறு நாள், ஒரு மாதம். பிரார்த்தனைக் குழுவினர் தங்கள் மனக்காட்சி கூர்மையானதாகச் சொன்னார்கள். ஒன்று ஐந்து நாள், மற்றது ஒரு மாதம். ஒன்று கருவியின் அளவீடு, மற்றதில் பெரும்பகுதி பழகியவரின் வாக்குமூலம். எனவே நேருக்கு நேர் மோதவைப்பது சரியாகாது. ஆனால் ரேட்மேக்கர்–பியர்சன் முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் வளர்வது காட்சி இல்லை, காட்சியை அறியும் அறிவு. மந்தத்தையும் சிதறலையும் கண்டுகொள்ளும் திறனை முதலில் வளர்க்கச் சொன்ன மரபுகள் இந்த இடத்தில்தான் கை வைத்தன.

நீண்ட காலம் பழகியவர்களை வைத்து மரியா கொஷெவ்னிகோவ் குழுவினர் நேபாளத்தில் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே வர வேண்டும். தெய்வயோகம் பழகியவர்களும் பொருளின்றித் திறந்த விழிப்பில் இருக்கும் தியானம் பழகியவர்களும் முதலில் சாதாரண நிலையில் சோதிக்கப்பட்டார்கள். பார்வை நினைவிலோ, மனத்தில் உருவங்களைச் சுழற்றிப் பார்ப்பதிலோ மற்றவர்களைவிட மேம்பட்டவர்களாக யாரும் இல்லை. 20 நிமிடம் தியானம் செய்த உடனே சோதித்தபோது, தெய்வயோகக் குழு மட்டும் வெகுவாக முன்னேறியது. ஆண்டுக்கணக்கான பயிற்சி அவர்களுக்குத் தந்தது, எப்போதும் கூடவே இருக்கும் கூர்மை இல்லை. உட்கார்ந்தால் எட்டக்கூடிய ஒரு நிலை. தியான நிலைக்குள் நினைத்தபோது புகுவது, நினைத்த நேரம் தங்குவது, நினைத்தபோது வெளியேறுவது என்று விசுத்திமக்கம் தேர்ச்சியை வகுத்ததற்கு இது பொருந்திவருகிறது. ஆகவே, பத்தாண்டு பழகியும் கடைத்தெருவில் நிற்கும்போது எந்தத் திருவுருவமும் மனத்தில் வரவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

கற்பிக்கிறவர்களுக்கு இதில் ஒரு கடமை இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே உருவத்தைக் கொடுத்துவிட்டு, வராதவர்களிடம் இன்னும் பொறுமை வேண்டும் என்று சொல்வது எளிது, ஆனால் அநியாயம். கால்டனின் காலை உணவுக் கேள்வியை முதல் நாளே கேட்டுவிடலாம்: காலையில் சாப்பிட்டதை நினைத்துப் பாருங்கள், தட்டு தெரிகிறதா, நிறம் தெரிகிறதா, அல்லது சாப்பிட்டோம் என்ற அறிவு மட்டும் இருக்கிறதா? தெரிகிறவருக்கு வட்டமோ திருமேனியோ கொடுக்கலாம். தெரியாதவருக்குத் தெய்வயோகத்தின் உறுதியும் மந்திரமும் உண்டு. இஞ்ஞாசியாரின் செவியும் தொடு உணர்வும் உண்டு. கசிண மரபுக்குள்ளேயே வழி இருக்கிறது. காற்றுக் கசிணத்தின் குறியைப் பார்வையாலும் எடுக்கலாம், தொடு உணர்வாலும் எடுக்கலாம் என்கிறார் புத்தகோசர்: கரும்புத் தோகையோ மரக்கிளையோ அசைவதைப் பார்த்து எடுக்கலாம், அல்லது சன்னல் வழியாகவோ சுவரின் துளை வழியாகவோ வரும் காற்று உடம்பில் எந்த இடத்தில் படுகிறதோ அங்கே கவனத்தை நிறுத்தி எடுக்கலாம். மனத்தில் காட்சியே எழாத மாணவருக்கு ஆசிரியர் முதலில் எடுத்துக் கொடுக்க வேண்டியது இந்த இரண்டாவது வழியைத்தான்.